நிழல் விழாத கோபுரமாம்!

போன மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அக்கா மகனைத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். காலை ஒன்பதரைக்கே தரை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பையன் "மாமா சுடுது, சுடுது" என்று குதித்துக்கொண்டே ஓடி, கருவறை மேல் நிற்கும் பெரிய கோபுரமான விமானத்துக்குப் பின்னால் கருவூர்த் தேவர் சன்னதிப் பக்கம் விழுந்து கிடந்த நிழலில் போய் நின்றுகொண்டான். அதே நிழலில் நின்றபடி ஒருத்தர் ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று! பையன் என்னைப் பார்க்கிறான், நான் தரையைப் பார்க்கிறேன்.

வெயில் அடித்தால் நிழல் விழும்யா. கோடையில் உச்சி வேளையில் அகலமான அடிப்பீடத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அவ்வளவுதான். அது எங்கள் வீட்டு வைக்கோல்போருக்கும் நடக்கும்.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்று நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடமே செய்திருக்கிறேன். 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய் திரும்பி வந்து, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் சுவருக்கு என்ன குறைந்துவிட்டது? ஒன்றும் இல்லை.

என் ஆத்திரம் எல்லாம், உண்மை அங்கேயே கல்லில் வெட்டிக் கிடக்கிறதே என்பதுதான். நாம் கொடுத்தது, நம் அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். தன் பெயருக்கு அடுத்தே அக்காவின் பெயர்! கோயிலுக்கு ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு எண்ணும் சம்பளப் பட்டியலும் சுவரில் இருக்கும்போது, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நிழல் கதை சொன்னால் கோபம் வராதா?

இத்தாலிக்காரனைப் பாருங்கள். பைசா கோபுரம் என்பது பச்சையாகச் சொன்னால் கட்டட வேலையில் நடந்த தப்பு. 1173-இல் கட்ட ஆரம்பித்தார்கள், மூன்றாவது மாடிக்கு வரும்போதே இளகின மண்ணில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அவன் அதை மறைக்கவில்லை, தெய்வ சங்கல்பம் என்று கதை கட்டவும் இல்லை. 1990-இல் கோபுரத்தை மூடி, சாயாத வடக்குப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து உருவி எடுத்து, கிட்டத்தட்ட அரை மீட்டர் நிமிர்த்தி, 2001-இல் திரும்பத் திறந்தான். முழுசாக நிமிர்த்தவில்லை, நிமிர்த்தினால் யார் பார்க்க வருவார்கள்? சாமர்த்தியக்காரன்.

அதைப் படித்தபோது எனக்குக் கல்லணைதான் ஞாபகம் வந்தது. அங்கே மண்ணில் இறங்கியது கேடாகப் போனது. இங்கே காவிரி மணலில் கல் இறங்குவதையே வேலையாக வைத்துக்கொண்டார்கள். கல்லைப் போடு, இறங்கட்டும், அதன் மேல் இன்னொன்று, அதுவும் இறங்கட்டும், இறங்குவது நின்ற இடம்தான் அஸ்திவாரம். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதி வைத்தார். அவர் முக்கொம்பில் மேலணை கட்டியது 1836-இல். இதைச் சொல்லக் கல்லணையில் ஆள் இல்லை. வருகிறவர்கள் பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தோகூர் வழியாகவோ திருவையாறு வழியாகவோ ஊர் போய்ச் சேருகிறார்கள்.

மறுநாள் பையனை அங்கேயும் கூட்டிப் போனேன். ஷட்டர், பாலம், யானை மேல் கரிகாலன் சிலை எல்லாம் பார்த்தான். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கல்லணை எங்கே மாமா?" என்றான்.

"தண்ணிக்குள்ள இருக்குடா" என்றேன். நம்பவில்லை. நேற்றைய நிழல் கதை மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டான் போல.