ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நேற்றைய கூடைப்பந்து ஆட்டத்தின் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "நான் என்ன செய்தேன் சார்?" என்று நான்காவது ஃபவுல் வாங்கிய அந்தப் பெண் கேட்டாள். குரல்கூட உயரவில்லை. "போய் விளையாடு" என்றார் நடுவர். மறுபடி கேட்டதும் டெக்னிக்கல், அதாவது நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல். நான்காவது ஃபவுலுக்குக் காரணம் கேட்டவளுக்கு ஐந்தாவது ஃபவுல் கிடைத்தது. ஐந்து ஆகிவிட்டதால் ஆட்டத்தை விட்டே வெளியேறினாள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஃபவுல் கொடுத்தால் என்ன ஃபவுல் என்று வாய் திறந்து சொல்லுங்கள். "கையில் அடித்தாய்." "இடுப்பால் தள்ளினாய்." இவ்வளவு போதும்.

சைகைதான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தால் பிளாக்கிங் (வழிமறித்தல்), மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினால் ஹோல்டிங் (பிடித்து நிறுத்துதல்). ஆனால் அதை ஸ்கோர் மேசையைப் பார்த்துத்தானே காட்டுகிறார்கள்? ஃபவுல் வாங்கியவளுக்குத் தெரிவது நடுவரின் முதுகு. மேசைக்குத் தெரிவிக்கும்போது சைகையோடு வாயாலும் சொல்லும்படி சர்வதேச விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது. மேசைக்குச் சொல்லலாம், ஆடுகிறவளுக்குச் சொல்லக் கூடாதா?

நான் ஆடிய காலத்தில் ஒரு நடுவர் இருந்தார். ஃபவுலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு வரிசையில் நிற்கும்போது அருகில் வந்து, "நேராக எழும்பினாய், சரி. கையை முன்னால் இறக்கினாய், அதுதான் ஃபவுல்" என்பார். அதன்பின் அந்த ஆட்டம் முடியும்வரை என் கை இறங்காது. அவருடைய முடிவுகள் எல்லாம் எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் எதற்கென்று தெரியாமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

"விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள்" என்று நடுவர் நண்பர்கள் எழுதுவீர்கள். மன்னிக்க வேண்டும், இதை நான் ஏற்கவே மாட்டேன். காரணம் தெரியாதவன்தான் கத்துகிறான். விவாதிக்கச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு நகருங்கள். அதற்குப் பிறகும் பெஞ்சிலிருந்து கத்தும் பயிற்சியாளருக்கு டெக்னிக்கல் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. கேப்டன்தான் கேட்க வேண்டும் என்று விதி பேசுகிறவர்களுக்கு: சரி, நேற்று கேப்டன் போய்க் கேட்டாளே, அவளுக்காவது பதில் வந்ததா?

எது தவறு என்று தெரியாத பிள்ளை அடுத்த முறை டிஃபென்ஸ் ஆடமாட்டாள். கையைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். பிறகு பயிற்சிக்கே வரமாட்டாள். அப்படி விட்டுப்போன நல்ல ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நடுவர் தவறே செய்யக் கூடாது என்று யார் கேட்டார்கள்? அந்த வேகத்தில் தவறு வரத்தான் செய்யும். தவறான முடிவையாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். அதற்கு முன், அந்த நான்காவது ஃபவுல் என்னவென்று தெரிந்தால் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.