போர்டு போச்சாம் போர்டு!

கேஸ் கீசர் வச்சிருக்கறவங்க மட்டும் படிங்க. "மெட்ராஸ்ல எதுக்கும்மா வெந்நீரு"ன்னு கேக்க வர்றவங்க அப்படியே கெளம்பிடுங்க, மார்கழி காலைல முட்டி வலியோட எந்திரிக்கிற மாமியார் உங்க வீட்ல இருந்தா அப்புறமா வந்து பேசுங்க.

பிரச்சன இதான். பைப்ப தொறந்தா தண்ணி வருது, ஆனா அந்த டிக் டிக் டிக் சத்தம் வரல. கேஸ பத்த வைக்கிற ஸ்பார்க்கே இல்ல. டி சைஸ் பேட்டரி ரெண்டும் புதுசு போட்டாச்சு, சிலிண்டரும் இப்பதான் மாத்தினது. கீசர் கம்பெனிக்கு போன் போட்டு இத்தனையும் ஒப்பிச்சு முடிச்சதும் அங்க பேசின பொண்ணு கேக்குது, "பேட்டரி செக் பண்ணீங்களா மேடம்?"

டெக்னீசியன் பத்து மணிக்கு வருவாராம். பதினோரு மணிக்கு போன், "காலடிப்பேட்ட தாண்டிட்டேன்க்கா". தம்பி, காலடிப்பேட்டைல இருந்து தண்டையார்பேட்டைக்கு மெட்ரோல மூணாவது ஸ்டேஷன்பா, நீ என்ன தவழ்ந்தா வர்ற? ஒன்றரைக்கு வந்தாரு தொர. பைல இருந்து ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்தாரு, அதையும் கடைசி வரைக்கும் கைலயே வச்சிருந்தாரு. பைப்ப தொறந்தாரு, மூடினாரு. தொறந்தாரு, மூடினாரு. கீசர் மேல காத வச்சு கண்ண மூடி கேட்டாரு. நானும் மூச்ச புடிச்சுட்டு நிக்கிறேன், ஏதோ ஈசிஜி ரிப்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரி. கண்ண தொறந்து சொல்றாரு, "போர்டு போச்சுக்கா."

மூடிய கழட்டவே இல்லடா, எப்படிடா போர்டு போச்சு!

போர்டு, அதான் ஸ்பார்க் வர வைக்கிற சர்க்யூட்டு, ரெண்டாயிரத்து எண்ணூறாம், வந்து போனதுக்கு நானூறு தனியாம். சரி, வந்ததுக்கு கேஸ் லீக்காச்சும் பாருப்பான்னா, பாக்கெட்டுல இருந்து லைட்டர எடுத்து ஜாயிண்ட் கிட்ட கொண்டு போறான்! நான் போட்ட கத்துல எதிர் வீட்டு அண்ணி பால்கனிக்கு வந்துட்டாங்க. சோப்பு தண்ணி தடவி முட்ட வருதான்னு பாக்கறதுக்கு என்ன டிகிரியா வேணும்? இதுல போற போக்குல ஒரு அட்வைஸ் வேற, "இத பாத்ரூமுக்குள்ள மாட்டிருந்தா அழகா இருந்திருக்கும்க்கா". அழகாதான் இருக்கும், எங்க போட்டோவுக்கு மால போட்டு மாட்டறதுக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனயும் கெடயாது ஒண்ணும் கெடயாது, மூடின ரூம்ல ஆளு மயங்கறதே தெரியாது, அதுக்குதான் வெளிய காத்தோட்டமா மாட்டி வச்சிருக்கோம். சொன்னா "ஓ அப்டியா"ங்கறான். யார்றா உனக்கு ஐடி கார்டு குடுத்தது?

சாயங்காலம் தெருமுன பிளம்பர் அண்ணன் வந்தாரு. வெயில்ல காஞ்ச மனுஷன், யூனிஃபார்மும் இல்ல ஐடி கார்டும் இல்ல. மொதல்ல கேட்ட கேள்வியே, "மத்த பைப்புல தண்ணி எப்டி வருது, இதுல எப்டி வருதும்மா?" அவ்ளோதான். கீசருக்கு தண்ணி ஏறுற எடத்துல நட்ட கழட்டி உள்ள இருந்த சின்ன வலைய எடுத்து என் உள்ளங்கைல கொட்டினாரு. மணலு, துரு, வெள்ள வெள்ளயா உப்பு. கடலோர ஏரியா, போர் தண்ணி, வேற என்ன வரும்? தண்ணி வேகமா வந்தாதான் உள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரம், அதான் ஜவ்வு மாதிரி ஒண்ணு, அது ஒரு சின்ன கம்பி பின்ன தள்ளுமாம், பின்னு நகர்ந்தாதான் மைக்ரோ சுவிட்ச் ஆன் ஆகி ஸ்பார்க் வருமாம். வல அடச்சிருந்தா பைப்புல தண்ணி வர்ற மாதிரிதான் தெரியும், ஆனா அந்த வேகம் பத்தாதாம். பழைய டூத்பிரஷ்ல தேச்சு மாட்டினாரு. டிக் டிக் டிக். பக்குனு பத்திக்கிச்சு. நூறு ரூபா போதும்மான்னாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இப்ப அந்த கம்பெனில இருந்து போன். "எங்க டெக்னீசியனுக்கு அஞ்சுக்கு எத்தன ஸ்டார் தருவீங்க மேடம்?" சிரிச்சேன் பாருங்க, நிறுத்தவே முடியல, அந்த பொண்ணு பயந்து போன வச்சிடுச்சு. அஞ்சாவது நிமிஷம் அந்த தம்பியே மெசேஜ் பண்றான், "அக்கா ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்கக்கா, போர்டு கம்மில வாங்கி தரேன்".

இதுல இந்த கேன் தண்ணிக்காரன் வேற சொல்லாம கொள்ளாம அஞ்சு ரூபா ஏத்திட்டான், கேனுக்குள்ள பாசி, கேட்டா "அது நெழலுக்கா"ங்கறான். டார்ச் அடிச்சு காட்டறேன், அப்பவும் நெழலாம்!