நாலு சில்லும் ஒரு குசினி மேசையும்

ஓடாவியார்: கண்ணாடிப் பெட்டி எந்தப் பக்கம் வரவேணும் மாஸ்டர்? வலக்கையால் அள்ளுவீர்கள் என்றால் இடது பக்கம் வைத்தால்தான் வசதி.

மாஸ்டர்: என்னத்தை அள்ளுகிறது?

ஓடாவியார்: கச்சானை.

மாஸ்டர்: எந்தக் கச்சானை?

ஓடாவியார்: வறுத்ததைத்தான். கடலையும் போடுகிற யோசனை இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, இரண்டு அறையாகப் பிரித்துவிடலாம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வேணும் என்று நீங்கள்தானே போனில் சொன்னீர்கள்.

மாஸ்டர்: கொடியேற்றத்துக்கு மகன் ரொறன்ரோவில் இருந்து வாறான் தம்பி! அதுக்கு முதல் முடியவேணும் என்று சொன்னேன். இது குசினிக்கு.

ஓடாவியார்: நாலு சில்லு, பிறேக், மேலே பலகை, கீழே இரண்டு தட்டு, துவாய் தொங்கவிட ஒரு கம்பி, தள்ளுவதற்குக் கைபிடி. இதைக் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் எந்த ஓடாவி குசினியை நினைப்பான்? கச்சான் விற்கிற வண்டில் என்றுதான் நினைப்பான். மாஸ்டருக்குப் பென்சன் காணாதாக்கும், 25 நாள் திருவிழாவில் நாலு காசு பார்க்கப் போகிறார் என்று இரங்கி, கூலியில் குறைத்தும் சொல்லிப்போட்டேன்.

மாஸ்டர்: சொன்ன கூலி சொன்னதுதானே?

ஓடாவியார்: அது கச்சானுக்குச் சொன்ன கூலி. ரொறன்ரோவுக்கு வேற.

மாஸ்டர்: கதையை விட்டுவிட்டுப் படத்தைப் பார். மகன் வட்ஸ்அப்பில் போட்டவன். குசினிக்கு நடுவில் நிற்கும், தேவைப்பட்டால் உருட்டலாம். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், 38 அங்குல உயரம். மேலே கிரனைட். சுற்றிவர நாலு உயரக் கதிரை.

ஓடாவியார்: இந்தப் படத்தில் இருக்கிற குசினிக்குள் உங்கட குசினியும் விறாந்தையும் சேர்ந்து நிற்கும். இழுநாடாவின் அந்தத் தலைப்பைப் பிடியுங்கோ. சுவருக்குச் சுவர் ஒன்பதடி. கட்டின மேடைக்கு இரண்டடி போனால் மிச்சம் ஏழு. நடுவில் மூன்றடியை வைத்தால் அங்காலே இரண்டடி, இங்காலே இரண்டடி. சோற்றுப்பானையோடு ஒராள் திரும்ப மூன்றடியாவது வேணும்.

மாஸ்டர்: அதுக்குத்தானே சில்லு! இடைஞ்சல் என்றால் தள்ளிவிடுகிறது.

ஓடாவியார்: இரண்டு கையிலும் பானை. எந்தக் கையால் தள்ளுகிறது?

(மாஸ்டர் இந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர்கள் பேசாமல் இருப்பதில்லை.)

மாஸ்டர்: சரி, சின்னதாக்குவம். ஆனால் கிரனைட் கட்டாயம். மகன் அதில் பிடிவாதமாக நிற்கிறான்.

ஓடாவியார்: அவர் கேட்கிற அளவுக்கு 20 மில்லிமீற்றர் கல்லுப் போட்டால் கல்லு மாத்திரம் 75 கிலோ. சட்டமும் தட்டும் பானை சட்டியும் சேர்ந்தால் 150 வரும். மாஸ்டர், கணக்கைச் சொல்லுங்கோ, ஒரு சில்லு எவ்வளவு தாங்கவேணும்?

மாஸ்டர்: 150ஐ நாலால் பிரித்தால் முப்பத்தேழரை.

ஓடாவியார்: பிழை. மூன்றால் பிரிக்கவேணும், ஐம்பது. எந்த நிலமும் முழுச் சமன் இல்லை, நாலில் ஒன்று எப்பவும் அந்தரத்தில்தான் நிற்கும். உங்கட வீட்டிலும் ஒரு பாரமும் தூக்காமல் ஒராள் நிற்கிறார், நான் பெயர் சொல்லமாட்டேன்.

மாஸ்டர்: நீ மேசையைப் பற்றிக் கதை.

ஓடாவியார்: மேசையைப் பற்றித்தான் கதைக்கிறேன். அக்கா தேங்காய் எதிலே திருவுகிறவ?

மாஸ்டர்: என்ர மனிசியோ? பூட்டித் திருவுகிற மெசினில்.

ஓடாவியார்: அதைக் கிரனைட்டில் பூட்டி இறுக்கினால் ஒருநாள் விளிம்பு உடைந்து கையோடு வரும். மேலே மரப்பலகைதான், அதுவும் விளிம்பு இரண்டு அங்குலம் வெளியே நீட்டி நிற்கவேணும், இல்லாவிட்டால் மெசினுக்குப் பிடி இல்லை. மற்றது பிறேக். கடையில் முதல் எடுத்துத் தருகிற பிறேக் சில்லு உருளுவதை மட்டும்தான் நிறுத்தும், சில்லின் தலை சுழன்றுகொண்டே இருக்கும். அக்கா இங்கே திருவத் தொடங்கினால் பாதித் தேங்காயில் விறாந்தையில் நிற்பா. தலையையும் சேர்த்துப் பூட்டுகிற பிறேக் வாங்கவேணும், நாலு சில்லுக்கும்.

மாஸ்டர்: இதைவிட ஆடாமல் நிற்க வேற வழி இல்லையா?

ஓடாவியார்: இருக்கு. ஒரு பக்கத்துக் காலில் மட்டும் இரண்டு சில்லு, மற்றப் பக்கம் வெறும் கால். நிற்கும்போது பாதிப் பாரம் வெறும் காலில் இருக்கும், அசையாது. நகர்த்த வேணுமென்றால் கைபிடியைத் தூக்கித் தள்ளுகிறது.

மாஸ்டர்: அது கச்சான் வண்டில் அல்லவா!

ஓடாவியார்: நான் வாயே திறக்கவில்லை.

மாஸ்டர்: மகன் கனடாவில் இருந்து வந்து குசினிக்குள் கச்சான் வண்டிலைப் பார்க்கிறதா?

ஓடாவியார்: மழையிலும் வெயிலிலும் நின்று, பள்ளத்திலும் மேட்டிலும் ஏறி இறங்குகிற சாமான் மாஸ்டர் அது. மூன்றடிக்கு இரண்டடி, வேப்ப மரம், மூன்றங்குலத் தடிப்பில் கால். ஆணி அடித்து ஒட்டுகிற வேலை இல்லை, ஒரு மரத்தில் துளை போட்டு மற்ற மரத்தின் நாக்கை அதுக்குள் இறக்குவேன். தள்ளத் தள்ள ஆட்டம் எடுப்பது மூட்டில்தான். கீழ்த்தட்டில் அம்மிக்கல்லு, அரிசி வாளி என்று பாரமானதை வைத்தால் கவிழாது. வேலை இல்லாத நேரம் சுவரோடு நிற்கட்டும். இப்ப உயரம் சொல்லுங்கோ.

மாஸ்டர்: சொன்னேனே, 38 அங்குலம்.

ஓடாவியார்: மகன் எத்தனை அடி?

மாஸ்டர்: ஆறடி.

ஓடாவியார்: அக்கா?

மாஸ்டர்: அவள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

ஓடாவியார்: முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழேதான் வெட்டுகிற பலகை இருக்கவேணும். அக்காவுக்கு 32 வரும், சில்லையும் சேர்த்து. 38 என்றால் அவ அண்ணாந்து பார்த்துத்தான் வெங்காயம் வெட்டவேணும். அவவிடம் கேட்டனீங்களா?

மாஸ்டர்: படத்தைக் காட்டினேன். வடிவாக இருக்கு என்றாள்.

ஓடாவியார்: படத்தைச் சொல்லியிருப்பா.

மாஸ்டர்: உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை.

ஓடாவியார்: கதை இல்லை மாஸ்டர், நான் வேலை செய்த வீடுகள். உள்ளே பளபளவென்று பான்ரி கபேட், புகை இழுக்கிற மெசின், சுவர் முழுக்க வெள்ளை ரைல்ஸ். பின்பக்கம் போய்ப் பார்த்தால் நாலு தகரத்தை இறக்கி, அதுக்குக் கீழே அடுப்பு வைத்து, அங்கேதான் சமையல். உள் குசினியில் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறதாம். மீன் பொரித்தால் மணக்குமாம், மகன் காசு அனுப்பிக் கட்டினது கறுத்துப்போகுமாம். காசு அனுப்புகிறவர் படம் அனுப்புவார், வீட்டுக்காரர் அளவு சொல்லுவார், எல்லாம் முடிந்தபிறகு சமைக்கிற ஆளைக் கூப்பிட்டு, கீறல் விழாமல் துடை என்று சொல்லுவினம். அக்கா இப்ப எங்கே?

மாஸ்டர்: பின்பக்கம்... மீன் பொரிக்கிறாள்.

ஓடாவியார்: நல்லது. நான் அங்கே போய் அவவின் முழங்கைக்கு அளவு எடுக்கிறேன்.

மாஸ்டர்: பொறு தம்பி, அந்த நாலு கதிரையும்? மகனுக்கு என்ன சொல்லுகிறது?

ஓடாவியார்: 38 அங்குலம் கேட்டவர்தானே, வந்து இறங்கின அன்றைக்கே பின்பக்கத்தில் குந்தி இருந்து இரண்டு தேங்காய் திருவட்டும். கதிரையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்.