இயந்திரம் என்று தெரிந்தேதான் பேசுகிறோம்

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே பரவிவருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம், 1966இல் எலிசா என்ற உரையாடல் நிரலைப் பற்றி எழுதினார். மனநல ஆலோசகரின் பாணியில் பேசிய அந்த நிரலுக்கு எந்தப் புரிதலும் கிடையாது. தட்டச்சு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘என்’ என்று வருவதை ‘உங்கள்’ என்று மாற்றித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். ‘ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான்’ என்றால், ‘எந்த விதத்தில்?’ என்று வரும். அது உருவானதைப் பல மாதங்கள் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனுடன் சில வரிகள் பேசியதுமே, வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். அது இயந்திரம் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அவருக்குத் தனிமை தேவைப்பட்டது.

ஆகவே, ‘இது இயந்திரம்’ என்று திரையின் மூலையில் ஒரு வரி போட்டால் கடமை முடிந்தது என்னும் வாதம் எனக்குப் போதவில்லை. அந்த வரி அவசியந்தான். 2018இல் தொலைபேசியில் மனிதரைப் போலப் பேசும் டூப்ளெக்ஸ் என்ற நிரல் ‘உம்’ என்று இழுத்துப் பேசி முடிதிருத்தகத்தில் நேரம் பதிவு செய்ததைக் கூகுள் காட்டியபோது, எதிர்முனையில் இருந்தவருக்கு உண்மை சொல்லப்படவில்லை என்பதால்தான் அத்தனை எதிர்ப்பு எழுந்தது. ஆனால் துணையைப் போலப் பேசும் ரெப்ளிக்கா செயலியின் பயனர்களிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் அதை நடத்தும் நிறுவனம் நெருக்கமான உரையாடல்களைத் திடீரென நிறுத்தியதும், நேற்றுவரை அன்பாகப் பேசிய துணை ஒரே இரவில் அந்நியமாகிவிட்டதாக அவர்கள் கலங்கினார்கள். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் அவர்கள் கூடும் குழுவின் நெறியாளர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் பகிர வேண்டிய நிலை வந்தது. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி செயலியிலிருந்து ஜிபிடி-4ஓ என்ற மாதிரி விலக்கப்பட்டபோதும் இதே துயரத்தைப் பார்த்தோம். கட்டணப் பயனர்களுக்கு அதைச் சில நாட்களிலேயே திருப்பித் தர நேர்ந்தது.

பேச்சுக்குப் பேச்சு கிடைத்தால் ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இயல்பை நன்கு அறிந்தே தயாரிப்பவர்கள் குரலையும் பெயரையும் தயக்கங்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சில நாட்கள் திறக்காமல் விட்டால் ‘உங்களைக் காணாமல் ஏங்கிப்போனேன்’ என்கிற ரீதியில் செய்தி அனுப்பும் துணைச் செயலிகளும் உண்டு. ஏங்குவதற்கு அங்கே யாரும் இல்லை. பயனரைத் திரும்ப வரவழைக்கத் தயாரிப்பவர் எடுத்த முடிவு மட்டுமே இருக்கிறது. சட்டம் முதலில் கேள்வி கேட்க வேண்டியது அந்த முடிவை எடுத்தவர்களைத்தான்.