மாணவர் விசாவும் வேலைக்கான சான்றும்

"ஸ்டூடண்ட் விசாக்காரரை வேலைக்கு எடுத்தால் வம்பு" என்று லண்டனில் நம் கடைக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆள் எடுப்பதே என் அன்றாட வேலை என்பதால் சொல்கிறேன்: அவருக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முதலாளி செய்ய வேண்டிய சோதனை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். காசும் கிடையாது.

மாணவர் இணையத்தில் உள்ள தன் விசாக் கணக்கில் 'ஷேர் கோடு' எடுக்கிறார், அதாவது தன் விசா விவரத்தை முதலாளி பார்ப்பதற்கான குறியீடு. எழுத்தும் எண்ணுமாக ஒன்பது, வேலைக்கானது 'டபிள்யூ'வில் தொடங்கும், 90 நாட்கள் செல்லும். அதையும் பிறந்த தேதியையும் முதலாளி பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் தன் கையால் இட வேண்டும். முகப்படம், விசா முடியும் தேதி, வேலைக்கான நிபந்தனை எல்லாம் திரையில் வரும். படத்தில் இருப்பவர்தான் எதிரே நிற்கிறாரா என்று பார்த்து, பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். மாணவர் போனில் நீட்டும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டையை இதற்கு ஏற்பது 2022 ஏப்ரலோடு நின்றுபோனது. இன்னும் அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என்.ஐ. எண் (தேசியக் காப்பீட்டு எண்) வந்துவிட்டால் வேலை செய்யலாம் என்பதும் தவறு. அது வரிக்கும் காப்பீட்டுக்குமான எண். வேலை உரிமைக்குச் சான்று அல்ல.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் உழைக்கலாம். விடுமுறையில் முழு நேரம். எது விடுமுறை என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆதாரத்தை முதலாளி வாங்கி வைத்திருக்க வேண்டும். பலர் இணையதளத்தில் உள்ள கால அட்டவணையை அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கோடை விடுமுறை என்றிருக்கும். அது பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கானது. நம் ஊரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு முதுநிலை படிக்க வருகிறார்கள். அவர்களுக்கு அந்த மாதங்கள் ஆய்வேடு எழுதும் காலம், அதாவது பாடக் காலம். "எல்லோருக்கும் லீவுதானே" என்று நாற்பது மணி நேரம் போட்டுக் கொடுப்பார் மேலாளர். பிள்ளையும் மகிழ்ச்சியாகச் செய்யும். விசா நிபந்தனை அங்கேயே மீறப்பட்டுவிடும்.

இன்னொன்று. அந்த 20 மணி நேரம் திங்கள் முதல் ஞாயிறு வரை, எல்லா வேலைகளுக்கும் சேர்த்து. இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் முப்பது என்று சராசரி பார்க்க முடியாது. சொந்தத் தொழிலுக்கும் அனுமதி இல்லை. டெலிவரி ஆப்பில் அடுத்தவர் பெயரிலுள்ள கணக்கை வைத்து உணவு டெலிவரிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

2024 பிப்ரவரியில் அபராதத்தை ஏற்றினார்கள். சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒருவருக்கு 15,000 பவுண்ட் வரை இருந்தது, 45,000 வரை ஆனது. மறுமுறை பிடிபட்டால் 60,000. இதனால் யார் திருந்தினார்கள்? ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறவர் பயந்து மாணவர்களையே தவிர்க்கிறார். ஏய்க்கிறவர் இருபது மணி நேரத்துக்குச் சம்பளச் சீட்டு போட்டு, மிச்சத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே ரொக்கமாகக் கொடுக்கிறார். புகார் செய்தால் விசா போய்விடும் என்று பையன் வாயைத் திறக்க மாட்டான். அந்த முதலாளிக்கும் அது தெரியும். இதைச் செய்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. "நம்ம ஊர்ப் பையனுக்கு உதவுகிறேன்" என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்துகொண்டு "பார்ட் டைமிலேயே எல்லாம் சமாளித்துவிடலாம்" என்று அடித்துவிடும் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு கணக்கு. 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ட். இருபது மணி நேரத்துக்கு 244 பவுண்ட். மாதத்துக்குச் சுமார் 1,050. அதே ஆண்டுத் தொடக்கத்தில், லண்டனில் படிக்கும் மாணவர் மாதச் செலவுக்கு 1,483 பவுண்ட் காட்ட வேண்டும் என்று இதே அரசு விதித்தது. முழு இருபது மணி நேரமும் வேலை கிடைத்தாலே துண்டு விழுகிறது. இதில் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே போவது?

வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஷேர் கோடு நினைத்த நேரத்தில் எடுக்கலாம். விடுமுறைக்கு ஆதாரமான கடிதம் அப்படி அல்ல. பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க வேண்டும். சேர்ந்த உடனேயே கேளுங்கள். உங்கள் பெயர், படிப்பின் தொடக்கம், முடிவு, உங்கள் படிப்புக்கான விடுமுறை நாட்கள் நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர் கேட்காவிட்டாலும் ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள்.