மரம் வெட்ட எதற்கு டாக்டர் பட்டம் என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவின் காணொளியை இங்கே பலரும் பகிர்ந்துவிட்டதால் முழுவதையும் விவரிக்கத் தேவையில்லை. வடசென்னையில் எங்கள் வியாசர்பாடியில் வளர்ந்த ஒரு பெண், வேளாண் பொருளாதாரமும் மர அறிவியலும் சேர்ந்த துறையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக மேடையில் சொன்னாள். சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியை வாங்கி, "மரம் வெட்ட எதற்கும்மா டாக்டர் பட்டம்?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததைவிட அவள் சிரிக்க நேர்ந்ததுதான் எனக்கு வலித்தது.

"அவர் வேடிக்கையாகத்தானே சொன்னார், இதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று இரண்டு நண்பர்கள் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். பெரிதுபடுத்தத்தான் வேண்டும். அதே மேடையில் மருத்துவமும் கணினிப் பொறியியலும் படிக்கப்போகும் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் ஒருவரிடமும் அந்த வேடிக்கை நடக்கவில்லை. மரம், மண், பயிர், அவற்றின் விலை ஆகியவற்றைப் படிக்க அறிவு தேவையில்லை என்ற எண்ணம் உள்ளே ஊறியிருப்பவருக்குத்தான் அந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: மரத்தைப் படிப்பதற்கும் அறிவு வேண்டும், அந்த அறிவு இல்லாததன் நஷ்டம் எங்களைப் போன்ற வீடுகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

என் அப்பா தச்சர். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு வாசக்காலும் கதவும் செய்து கொடுத்தார். நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் மரக்கடையில் கொடுத்தார்கள். மாட்டியபோது கதவு கச்சிதமாக இருந்தது. சித்திரை வெயில் வந்ததும் பலகைகள் சுருங்கி, இணைப்புகள் வாய் பிளந்தன. அப்பா பசையில் குழைத்து அடைத்திருந்த மரத்தூள் காய்ந்து பொலபொலவென்று வாசற்படியில் உதிர்ந்தது. ஒரு பலகை மட்டும் நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் மீதிக் கூலியைத் தரவில்லை. கைவேலை சரியில்லை என்று தெருவில் நின்று சொன்னார். அப்பாவிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் மர அறிவியலில் இருக்கிறது. பச்சை மரத்தின் செல்களுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும், செல் சுவர்களிலும் ஈரம் பிணைந்திருக்கும். உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறும்வரை மரம் பெரிதாகச் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் இருக்கும் ஈரம் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பலகை குழிவது அதனால்தான். குற்றம் அப்பாவின் உளியில் இல்லை, காயாத மரத்தைக் காய்ந்தது என்று சொல்லி விற்றதில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் வணிகப் பொருளாதாரம் வருகிறது. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் போனால் சந்தை என்ன ஆகும் என்பதைப் பழைய கார்களை உதாரணமாக வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் ஒரு கட்டுரையில் எழுதினார். நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் ஒரே விலை என்றாகிவிட்டால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்பது அதன் சாரம். அற்பமான விஷயம் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழும் உண்டு. அந்த ஆய்வுக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் அப்பா கூலியை இழந்த கதையும் அந்தக் கட்டுரைக்குள் அடங்கும்.

"உன் தாத்தாவும் அப்பாவும் பட்டம் வாங்கியா மரம் அறுத்தார்கள்? அனுபவம் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே கட்டைக்குள் பொந்து இருக்கிறதா, வைரம் பாய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார் அப்பா. அந்த அனுபவத்தை மட்டம் தட்டும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. ஆனால் தெருவில் நின்று அவமானப்பட்ட நாளில் அந்த அனுபவத்தால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அளந்து காட்டும் ஒரு கருவியும், அந்த அளவைக் கட்டாயமாக்கும் ஒரு விதியும் இருந்திருந்தால் அவர் கூலி கைக்கு வந்திருக்கும். கருவியையும் விதியையும் உருவாக்குபவர்கள் ஆராய்ச்சியாளர்கள்.

மரத்தில் ஆராய்ச்சி செய்து என்ன கிழித்தார்கள் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் என்ற இந்தியர் 1933இல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் மின்கம்பங்களாக நின்ற மரங்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றியது அந்த மருந்து. பின்னாளில் ஆர்செனிக் ஆபத்து என்று சொல்லி, வீட்டு உபயோகத்தில் அதைக் குறைக்க வைத்ததும் ஆராய்ச்சிதான். பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. அதில் உள்ள மாவுச்சத்துக்காகவே வண்டு துளைத்துவிடும். வெட்டியவுடன் போரான் உப்பில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தினால் நல்ல மேசை நாற்காலி செய்யலாம் என்று ஆய்ந்து காட்டிய பிறகு, மலேசியாவில் அதை நம்பியே பெரிய தொழில் வளர்ந்தது.

ஆய்வேடுகள் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கின்றனவே என்றால், கிடக்கின்றன. எல்லாத் துறையிலும் கிடக்கின்றன. அதற்கு இந்தப் பெண்ணை ஏன் பதில் சொல்ல வைக்க வேண்டும்?

என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறொரு கருத்து: "வியாசர்பாடிப் பெண்ணுக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்?" சென்னைக்கும் வேளாண் கல்விக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் கோயம்புத்தூருக்குப் போய் வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. ஆனால் அந்தக் கேள்வியை எழுதியவருக்கு வரலாறு தேவைப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் கேரமிலும் குத்துச்சண்டையிலும் கால்பந்திலும் வென்று வந்தால் மாலை போட நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள், வர வேண்டும், நாங்களும் பெருமைப்படுகிறோம். அதே தெருவிலிருந்து ஒருத்தி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றால் மட்டும் ஏன் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது? உடம்பால் ஜெயித்தால் கைதட்டலாம், மூளையால் ஜெயிக்க வந்தால் கேலி செய்யலாம் என்று எங்கள் பகுதிக்கு மட்டும் யார் எழுதி வைத்தது?

அவள் படிக்கப்போவது சவுக்கு மரத்தைப் பற்றி. நம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் கழியும், காகித ஆலைக்குப் போகும் கூழ்மரமும் அதுதான். கடலோர மாவட்டங்களில் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். இந்த ஆண்டே வெட்டுவதா, இன்னும் ஓராண்டு விடுவதா என்பது விவசாயிக்குக் குடும்பக் கேள்வி. விட்டால் மரம் பருக்கும், கூடவே வட்டியும் ஏறும், அடுத்த நடவும் தள்ளிப்போகும். மார்ட்டின் ஃபவுஸ்ட்மன் என்ற ஜெர்மானியர் 1849இலேயே இந்தக் கணக்குக்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டார். நம் ஊர் வட்டிக்கும் புயலுக்கும் கூலிக்கும் ஏற்ப அதைப் போட்டுப் பார்க்க, நம் ஊர் ஆள்தானே வேண்டும்?

எடைக் கணக்கு இன்னொன்று. கூழ்மரத்தை டன் கணக்கில் விற்கிறார்கள். வெட்டிய நிமிடத்திலிருந்து மரம் ஈரத்தை இழக்கிறது, எடை குறைகிறது. லாரி கிடைக்காமல் வயலோரத்தில் அடுக்கி வைத்திருக்கும் நாட்களும், ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நாட்களும் விவசாயியின் பணத்தை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. எத்தனை நாளுக்கு எவ்வளவு எடை போகும், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது, காய்ந்த எடையை அடிப்படையாக வைத்து விலை பேச முடியுமா என்ற கேள்விகளுக்கு வயலும் ஆய்வகமும் கணக்கேடும் மூன்றும் தெரிந்த ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

அவளிடம் நேற்று பேசினேன். படிப்பை விடும் எண்ணம் இல்லை என்றாள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, மரக்காணம், கடலூர்ப் பக்கம் சவுக்கு போட்டிருக்கும் உறவினர்கள் உங்களுக்கு இருந்தால், வெட்டிய தேதியை எழுதி, எடைமேடைச் சீட்டை எறியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயரும் வயல் விவரமும் வேண்டாம், தேதியும் எடையும் போதும். எனக்கு அனுப்பினால் அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.