ரியே குடானின் நாவலை ஏஐ எழுதியதா?

"ஏஐ எழுதிய நாவலுக்கு ஜப்பானின் உயர்ந்த இலக்கியப் பரிசு" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. இது தவறு.

2024 ஜனவரியில் ஜப்பானிய எழுத்தாளர் ரியே குடான் தன் நாவலுக்காக அந்நாட்டின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான அகுதகாவா பரிசு பெற்றார். பரிசு அறிவித்த அன்றே நிருபர்களிடம், நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்த வாக்கியங்கள் என்று அவரே சொன்னார். ஒளிக்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்த 5, பகிரப் பகிர 100 ஆகிவிட்டது!

சரி, அந்த வாக்கியங்கள் எங்கே வருகின்றன? நாவலின் கதைப்படி, டோக்கியோவின் ஷின்ஜுகு பூங்காவில், குற்றவாளிகள் வசதியாக வாழ ஒரு கோபுரச் சிறை கட்டப்போகிறார்கள். அதை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர் சாரா மகினா ஒரு ஏஐ செயலியிடம் கேள்வி கேட்கிறார். அது வழவழவென்று பதில் சொல்கிறது. ஏஐ தந்த வரிகள் அந்தப் பதில்களில்தான். இயந்திரப் பாத்திரம் இயந்திரம் போலவே பேச வேண்டாமா?

அப்புறம், குடான் திடீரென முளைத்தவரும் அல்ல. 2021இல் புதுமுக எழுத்தாளர் பரிசோடு அறிமுகமானவர். சாட்ஜிபிடி வெளிவருமுன்பே அவருடைய 'ஸ்கூல்கேர்ள்' அகுதகாவா பரிசுப் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது.

2025இல் ஒரு பத்திரிகை கேட்டு, 95 சதவீதம் ஏஐ எழுதிய சிறுகதை ஒன்றை அவர் தந்தது உண்மை. அது வேறு படைப்பு. பரிசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.